சக்கரை இல்லாம ஒண்ணு

என் மகனுக்கு முப்பத்து மூன்று வயதாகியும் கல்யாணம் ஆகாததற்கும் நான் டீயில் சர்க்கரையை விட்டதற்கும் ஆரம்பத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டும் தனித்தனியாகத்தான் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தன.

மலை மேல் செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சான்றிதழ், ஆதார் என்று தாலுகா ஆபீஸுக்குப் போகிறவர்கள் என் மெஷினைத் தாண்டிப் போக முடியாது. நாளெல்லாம் நின்றபடி வேலை, அதனால் டீதான் எனக்குத் தெம்பு. எதிர்க்கடையிலிருந்து நாலு, வீட்டில் மூன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று ஸ்பூன் சர்க்கரை. அடியில் கரையாமல் கிடப்பதை விரலால் வழித்து நக்கினால்தான் டீ குடித்த மாதிரி இருக்கும்.

போன வருஷம் பாதம் எரிகிறது என்று நாமக்கல்லுக்கு இறங்கினேன். டாக்டரம்மா ரத்தத்தைப் பார்த்துவிட்டு சுகர் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அப்போதும் இறங்காவிட்டால் ஊசி. எனக்கு ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே கை சில்லிட்டுப் போகும். ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டார். கூசாமல் நாலு என்றேன். டீ குடிங்க, சர்க்கரை மட்டும் கூடாது, இனிப்புப் பக்கமே போகக் கூடாது என்றார். மலையேறும் பஸ்ஸில் எழுபது வளைவும் முடிகிறவரை அழுதுகொண்டே வந்தேன். பாதிப் பேர் வாந்தி வருமோ என்று கண்ணை மூடியிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்காரர் பலாவும் மிளகும் வைத்திருக்கிறார். ஆள் அதிகம் பேச மாட்டார். அன்றைக்குப் பேசினார்.

"வெளிய மூச்சு விட்றாத புள்ள. அம்மாளுக்கு சுகருன்னா நாளைக்குப் பையனுக்கும் வரும்னு ஒருத்தரும் பொண்ணு குடுக்க மாட்டாங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதற்குள் ஏழு இடம் பார்த்துவிட்டோம். ஓரிடத்தில் கவர்மென்ட் வேலை கேட்டார்கள், ஓரிடத்தில் கீழே சொந்த வீடு கேட்டார்கள். ஓரிடத்தில் ஒன்றுமே கேட்கவில்லை, ஒன்றுமே சொல்லவும் இல்லை. என் மகன் செல்போன் பழுது பார்க்கிறவன். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து சட்டையை மடித்து வைத்துவிட்டு, யாருடைய போனையாவது கழற்ற உட்கார்ந்துவிடுவான். அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியாது.

சரி, காரணம் சொல்லாமல் சர்க்கரையை விட வேண்டும். இது சொல்லுகிற மாதிரி சுலபமில்லை. எதிர்க்கடை டீ மாஸ்டர் என் தம்ளரைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"சக்கரை இல்லாமயா? ஏனுங்க, என்ற மேல ஏதாச்சும் கோவங்களா?"

உடம்பு இளைக்கப் போகிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அதற்குச் சர்க்கரையை மட்டும் நிறுத்தினால் போதாது என்றார். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்தேன். இருந்தும் இரண்டு நாள் பாவப்பட்டு அரை ஸ்பூன் போட்டுக்கொண்டுதான் இருந்தார். கண்டுபிடித்துச் சண்டை போட்ட பிறகுதான் நிறுத்தினார்.

அக்கம்பக்கத்து வீடுகள் இன்னும் மோசம். எங்கள் மலையில் வந்தவர்களுக்கு வெறும் டீ கொடுத்தால் அந்த வீட்டுக்கே மானக்கேடு. சர்க்கரை வேண்டாம் என்று சொன்ன ஒரு வீட்டில், குடித்ததும் தொண்டை வரை தித்தித்தது.

"ஒரு துளி சக்கரை கெடையாதுங்க. மலைத்தேன்தான் ஊத்துனேன்" என்றாள் அந்த வீட்டுக்காரி, அத்தனை சந்தோஷமாக.

இன்னொரு வீட்டில் நாட்டுச்சர்க்கரை. மூன்றாவது வீட்டில் டீ நிஜமாகவே வெறும் டீ, ஆனால் பக்கத்தில் ஒரு தட்டு நிறைய பலாச்சுளை. நான் சுளையை முடிக்கிறவரை அந்த வீட்டுக்காரி எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதோடு யார் வீட்டுக்கும் போவதை விட்டேன்.

சர்க்கரை இல்லாத பால் டீ முதல் வாரம் சாக்கு ஊறிய தண்ணீர் மாதிரி இருந்தது. அதற்கு டீயைக் குறை சொல்லிப் பயனில்லை என்று பிறகுதான் தெரிந்தது. இத்தனை வருஷமாக மட்டமான தூளைப் போட்டு, அது கறுக்கிற வரை கொதிக்க விட்டு, அந்தக் கசப்பைச் சர்க்கரையால் மூடிக் குடித்திருக்கிறேன். தூளை மாற்றினேன். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, இலைத்தூளைப் போட்டு, தட்டால் மூடி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தபோது வந்த வாசத்தில் எனக்கே ஆச்சரியம். ஐம்பத்து நாலு வயதில் முதல்முறையாகத் தேயிலையை மோந்து பார்க்கிறேன்.

அப்புறம் பைத்தியம் பிடித்துவிட்டது. எங்கள் தோட்டத்து மிளகை நாலு தட்டிப் போட்டு, பால் இல்லாமல் குடித்தேன். தொண்டையில் இறங்கிய பிறகு மெதுவாக ஒரு சூடு எழும்பும், மழைநாளில் அதற்கு ஈடே கிடையாது. எலுமிச்சம்புல்லை முடிச்சுப் போட்டுக் கொதிக்க வைத்தால் மத்தியானத் தூக்கம் ஓடும். மகன் சேலத்திலிருந்து கிரீன் டீ வாங்கி வந்தான். பழக்க தோஷத்தில் பத்து நிமிஷம் கொதிக்க விட்டேன். வேப்பிலைக் கஷாயம் தோற்றது, வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு நேராகத் தோட்டத்துக்குப் போய்விட்டார். சூடு தணிந்த நீரில் ஒரே நிமிஷம் போட்டு எடுக்க வேண்டும் என்று மகன் போனில் தேடிச் சொன்ன பிறகு, அதுவும் எனக்குப் பிடித்துப்போனது. இளம்புல் மாதிரி ஒரு ருசி, லேசான துவர்ப்பு. பால் டீயையும் நான் விட்டுவிடவில்லை. சர்க்கரை போனதும் பாலின் ருசியே தனியாகத் தெரிந்தது. டீ மாஸ்டரிடம் இன்றைக்குப் பாலில் தண்ணீர் என்று சொல்லி, அவர் வாயை அடைத்த நாளை என்னால் மறக்க முடியாது.

மூன்றாவது மாதம் நான் தாங்க முடியாத ஆளாகிவிட்டேன். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் டீயைப் பற்றிப் பாடம் நடத்தினேன்.

அப்போதுதான் எங்கள் மலையிலேயே இருக்கும் வளப்பூர் நாட்டிலிருந்து எட்டாவது இடம் வந்தது. பெண் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறாள். ரத்தப் பரிசோதனைக்குப் பத்து நாள் இருந்தது. அவர்கள் ஊருக்கு பஸ் ஏறும்போதே வீட்டுக்காரர் என்னை எச்சரித்தார்.

"அங்க போயி டீயப் பத்தி வாயத் தொறக்காத. குடுத்தத சாப்புட்டு வந்தரோணும்."

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போன இடத்தில் பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று யாரும் நேராகச் சொல்வதில்லை. வைத்த இனிப்பைத் தின்று டீயைக் குடித்து முடித்தால் சம்மதம். வைத்தது வைத்தபடி இருந்தால் செருப்பைத் தேட வேண்டியதுதான். அதிலும் பையனைப் பெற்றவளின் தட்டைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

உட்கார்ந்ததும் தட்டு வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஜாங்கிரி, பாகு சொட்டச் சொட்ட. எனக்கு ஊசி கண்முன்னால் வந்து நின்றது. பெண்ணின் அம்மா தண்ணீர் எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து ஜாங்கிரியைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டேன். கண் மூடித் திறப்பதற்குள் நடந்த காரியம், என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"அக்காவுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சாட்ட இருக்குதுங்க" என்று அந்தம்மா இன்னொன்று வைத்தார்.

அதுவும் பைக்குள் போனது. இந்த முறை கைக்குட்டை இல்லை. யாருடைய பட்டா நகலோ, அதில் சுற்றினேன்.

பிறகு பெண் டீ கொண்டுவந்தாள். நல்ல கறுத்த, களையான பெண், குனிந்த தலையெல்லாம் இல்லை, நேராகப் பார்த்தாள். என் மகன் புது நீலச் சட்டையில் தம்ளரை வாங்கினான். அவன் காது சிவந்திருந்தது. அந்தக் காதை முப்பத்து மூன்று வருஷமாகப் பார்க்கிறேன், அவனுக்குப் பிடித்துவிட்டது.

டீயைப் பைக்குள் ஊற்ற முடியாது. ஒரு வாய் குடித்தேன். மரியாதைக்கென்று நாலு ஸ்பூன் போட்டிருக்க வேண்டும், பாயசம் தோற்றுப்போகும். முன்பு இதைத்தானே வழித்து நக்கினேன் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தேன். நாக்கு கேட்கவில்லை. முகம் தானாகச் சுருங்கிவிட்டது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

வீட்டுக்காரர் என் காலை மிதித்தார். பெண்ணின் அப்பா நிறைந்த தம்ளரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், எழுந்து வாசல் வரை போய் வானத்தைப் பார்த்தார்.

"மழை வராப்புல இருக்குதுங்க. கடேசி பஸ்ஸுக்கு நிக்காதீங்க, வெளிச்சத்துலயே பொறப்பட்டா நல்லது" என்றார்.

வானத்தில் ஒரு மேகம் இல்லை. என் மகன் பாதி குடித்த டீயை வைத்துவிட்டு, சட்டைக்கையை மெதுவாக இறக்கிவிட்டுப் பட்டன் போட ஆரம்பித்தான். எட்டாவது முறையாகச் சட்டையை மடித்து வைப்பான், போனைக் கழற்ற உட்காருவான். இந்த முறை அது என்னால்தான்.

"கண்ணு" என்றேன் அந்தப் பெண்ணிடம், எதிர்க்கடைக்குக் கேட்கிற குரலில். "எனக்கு சுகர் இருக்குது சாமி. உன்னைய ரொம்பப் புடிச்சிருக்குது, இந்த டீதான் குடிக்க முடியல. சக்கரை இல்லாம, மிளகு தட்டிப் போட்டு, பாலில்லாம ஒண்ணு வெச்சுத் தாரியா?"

வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பெண் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் மிளகு தட்டும் சத்தம் கேட்டது. பெண்ணின் அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் அஞ்சு வருசமா இருக்குதுங்க" என்றார். "சொன்னாப் பொண்ணு எடுக்க மாட்டாங்கன்னு தரகர் சொன்னாருங்க."

அப்போதுதான் பார்த்தேன், அவர் தட்டில் ஜாங்கிரியே இல்லை, முறுக்குத்தான் இருந்தது.

டீ வந்தது. கொதிக்க விடவில்லை, மூடி வைத்து இறக்கியிருக்கிறாள், நிறம் பார்த்தாலே தெரியும். கேட்காமலே எலுமிச்சம்புல்லையும் கிள்ளிப் போட்டிருந்தாள். தம்ளரை நீட்டும்போது குனிந்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பைக்குள்ள இருக்கற ரெண்டையும் எடுத்துருங்க. எறும்பு வந்துரும்."

நான் இரண்டு தம்ளர் குடித்தேன். அன்றைக்குக் கடைசி பஸ்ஸில்தான் வந்தோம்.

ஆவணியில் கல்யாணம் முடிந்தது. சுகரும் இறங்கியிருந்தது, ஊசி தள்ளிப்போனது. பட்டா நகலுக்கு மட்டும் ஒரு பெரியவரிடம் திட்டு வாங்கினேன்.

போன மாதம் ஒருநாள் மருமகளும் நானும் அடுப்படியில் ஆளுக்கொரு தம்ளரோடு உட்கார்ந்திருந்தோம். அவளும் இப்போது சர்க்கரை போடுவதில்லை. அன்றைக்கு எங்களுக்குப் பிடிக்கவில்லை என்றுதானே உன் வீட்டில் பயந்தார்கள், உனக்கு எங்களைப் பிடித்திருந்ததா என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"இல்லீங்கத்த" என்றாள். "வேண்டாம்னு சொல்லோணும்னுதான் டீயே கொண்டாந்தேன். அதுக்கு முன்ன ஆறு ஊட்டுக்காரங்க வந்துட்டுப் போனாங்க. பையனப் பெத்த அம்மாக்க ஒருத்தரும் வாயே தொறக்கல. வெச்சதத் தின்னுட்டு, ஆம்பளைங்க மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. நீங்கதான் அத்தன பேரு முன்னால உங்களுக்கு வேணுங்கறத வாய்விட்டுக் கேட்டீங்க. இந்த ஊட்டுல நாமளும் கேக்கலாமாட்ட இருக்குதுன்னு தோணுச்சுங்க. மிளகு தட்டறப்பவே முடிவு பண்ணிட்டேன்."

கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

என் மகன் மட்டும் இன்றைக்கும் அந்த நீலச் சட்டையை ராசியான சட்டை என்று பெட்டியில் தனியாக வைத்திருக்கிறான். நாங்கள் இரண்டு பேரும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.