இடியப்பத் தட்டு வாசித்த வகுப்பு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு நேசரி, சின்னப் பிள்ளைகளின் பள்ளி, இருக்கிறது. கீழே பூட்டும் குழாயும் விற்கும் கடை. மேல்மாடியில் பிள்ளைகள். நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்து, அடுத்து எங்கே போவதென்று தெரியாமல் நான் அலைந்துகொண்டிருந்த மாதங்களில், என் அறைத்தோழி ஜீவராணிக்கு உதவியாக அங்கே போய்வந்தேன். அவள்தான் அங்கே ஆசிரியை.

ஜீவராணி மஸ்கெலியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். ஏ.எல். பரீட்சை முடித்ததும் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் முன்பள்ளி டிப்ளோமா படித்தாள். தீபாவளி சீசனுக்கு ஞாயிறும் வரவேண்டும் என்று முதலாளி சொன்னபோது அவள் கடையை விட்டாள், படிப்பை விடவில்லை.

அந்த வருடம் அவளுக்கு இருந்த ஒரே கவலை நுஹா. நாலு வயதுப் பிள்ளை. பெரிய சத்தம் கேட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவாள். காதில் ஒரு குறையும் இல்லை என்று டொக்டர் சொல்லியிருந்தார். முந்தைய வருட ஆண்டுவிழாக் கொன்சேட்டில், வாடகை உடுப்போடு மேடையில் நின்றவள், ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு வெடித்ததும் அலறிக்கொண்டு ஓடினாள். யாரோ அதை வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள்.

“இந்த மொறயும் அப்பிடி நடந்தா மகள வீட்டோடயே வெச்சிக்கொள்ளுவேன் டீச்சர்,” என்றார் அவளுடைய வாப்பா பௌஸி. “என்ட புள்ளயப் பாத்து ஊரே சிரிக்கிறத எனக்குத் தாங்க ஏலா.”

“கொஞ்சம் பொறுங்க நானா, பாப்போம்,” என்றாள் ஜீவராணி. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம்.

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் இடி முழங்க, நுஹா வழக்கம்போல மேசைக்குக் கீழே போனாள். அங்கிருந்து ‘கிர்க், கிர்க்’ என்று ஒரு சத்தம். பக்கத்துக் கதிரையின் இருக்கையில் இருந்த பிரம்புப் பின்னலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் பயமே இல்லை.

“வெளியிலேர்ந்து வர்ற சத்தந்தான் புள்ளைக்குப் பயம். அவளே போடுற சத்தத்துக்கு இல்ல,” என்று அன்று ஜீவராணி என்னிடம் சொன்னாள்.

சத்தம் வரும் சாமான் ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடும்படி பெற்றோருக்குக் குரல் செய்தி அனுப்பினாள். திங்கட்கிழமை வந்ததைப் பார்க்கவேண்டுமே. பட்டரிக் கிற்றார், பாடும் வாத்து, லைட் எரியும் மேளம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாங்கியதைவிடப் பெரிதாக இருக்கவேண்டும் என்று ஆளாளுக்குப் புறக்கோட்டைக்குப் போய் வந்திருந்தார்கள். எல்லாம் ஒன்றாகப் பாட, நுஹா மேசைக்குக் கீழே. ஜீவராணி பட்டரிகளைக் கழற்றித் தன் சோற்றுப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

“புதுசு வேணாங்க. உங்க வீட்டுல, குசினியில சமைக்கப் பாவிக்கிற சாமானே போதும்,” என்று மறுபடி செய்தி போனது.

“தகரம் தட்டவா நாங்கள் பீஸ் கட்டுறம்?” என்று ஒரு அம்மா பதில் போட்டார். ஆனாலும் சாமான்கள் வந்தன: பால்மா டின், தேங்காய்ச் சிரட்டை, சாவிக்கொத்து. நுஹாவின் உம்மா பைறோஸா இடியப்பம் அவிக்கும் தட்டொன்றைக் கொடுத்துவிட்டிருந்தார். அதன் பிரம்புப் பின்னலில் கரண்டிக் காம்பை இழுத்தால் தவளை கத்துவதுபோல இருக்கும்.

அதன் பிறகு வகுப்பு விளையாட்டாகவே நடந்தது. டின்னுக்குள் இருப்பது அரிசியா பயறா என்று கண்ணை மூடிக்கொண்டு ஆட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும். எறும்புக்கு மட்டும் கேட்கும்படி ஒரு சத்தம், யானைக்குக் கேட்கும்படி ஒரு சத்தம். எறும்புச் சத்தத்தில் நுஹாவை வெல்ல ஆளில்லை. கொஞ்ச நாளில், “இப்ப யான,” என்று அவளே கேட்டாள்.

கொன்சேட்டுக்கு இதையே போடலாம் என்று ஜீவராணி கேட்டபோது நேசரி நடத்தும் நேசமலர் மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ஸ்பீக்கர் இல்லாமல் கொன்சேட்டே? நீர் பிள்ளையளை டின் தட்டவைக்கிறதைப் பாக்கவோ சனம் வெளிக்கிட்டு வரும்?”

“முதல் ஐட்டம் மட்டும் மிஸ். அதுல நுஹா அழுதா, அடுத்த வருசம் நீங்க சொல்ற பாட்டுக்கே ஆட வைக்கிறேன்.”

“சொன்ன சொல்லு மாறக்கூடாது, சரியோ.”

டிசம்பரில் கொன்சேட் நாள். மண்டபம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் வீட்டு உடுப்போடு பாயில் உட்கார்ந்தார்கள். முதலில் டின்களில் விரல் நுனிகள்: தூறல். பிறகு சிரட்டைகள்: மழை. பின்வரிசையில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள், முன்னால் என்ன நடக்கிறதென்று கேட்பதற்காகவே வாயை மூடினார்கள். மழை விட்டது. நுஹா தனியாகக் கரண்டியை இழுத்தாள். ஒரு தவளை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வந்த பக்கம் திரும்பி மூன்றாவதைக் கத்தவைத்தாள்.

மண்டபமே கைதட்டியது.

ஜீவராணி நினைத்துப் பார்க்காதது அது ஒன்றுதான். எல்லா ஒத்திகையும் நடந்தது, கைதட்டலுக்கு மட்டும் ஒத்திகை நடக்கவில்லை. நுஹா கரண்டியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினாள். மேடையோரம் நின்ற ஜீவராணி ஓர் அடி வைத்தாள். அதற்குள் முன்வரிசையில் பௌஸி எழுந்து, சனத்தின் பக்கம் திரும்பி, கடைவாசலில் லொறியை மறிப்பவர்போல இரண்டு கையையும் விரித்தார்.

“தட்டாதீங்க. கொஞ்சம் சும்மா ஈங்க.”

“என்ன நானா, ஒங்கட மகளுக்குத்தானே தட்டுறோம்?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“அதுதான் செல்லுறேன். தட்டாதீங்க.”

சத்தம் அடங்கியது. நுஹா ஒரு கையை எடுத்தாள், பிறகு மற்றதை. ஓடவில்லை. கரண்டியைத் தேடி எடுத்தாள்.

“இன்னொரு தவள ஈக்கி,” என்றாள், இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறதென்று.

அந்தத் தவளை யானைக்கே கேட்கும்படி கத்தியது. சனத்துக்குள் என் பக்கத்தில் இருந்தவர் யாரென்றே எனக்குத் தெரியாது. “அந்த டீச்சர் என்ட பிரண்ட்,” என்று அவர் கேட்காமலே சொன்னேன்.

எல்லாம் முடிந்து சாமான் கட்டும்போது நேசமலர் மிஸ் வந்து, “அடுத்த முறை கொஞ்சம் நீட்டிச் செய்யும்,” என்று மட்டும் ஜீவராணியிடம் சொல்லிவிட்டுப் போனார். ஜீவராணி பிள்ளைகளின் டின்களை அடுக்கியபடியே சிரித்தாள்.

பைறோஸா மகளிடம் கையை நீட்டினார். “தட்டத் தாங்க மகள். நாளைக்கு இடியப்பம் அவிக்கோணும்.”

நுஹா தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

“அத உடுங்க,” என்றார் பௌஸி மனைவியிடம். “ஜனவரியில நேசரிக்குக் கொண்டு போகோணும். ஒங்களுக்கு வேற வாங்கித் தாறேன்.”