கன்னியம்மா அக்காவின் சாலையோர மனை

நாவலூர் சிக்னலில் அலுவலகப் பேருந்து நின்றிருந்தபோது கைபேசி ஒலித்தது. "அம்மா பூட்டாங்கக்கா" என்றாள் கன்னியம்மா அக்காவின் மகள் தேவி. அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோதுதான் நான் சத்தமாக அழுதுகொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது.

கன்னியம்மா அக்காவை, இந்த ஊரின் பழைய ஆட்களான உங்களுக்குத் தெரியும். அடுக்குமாடிகளில் குடியேறி, காலையில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கார் நிறுத்தும் இடம் ஒரு காலத்தில் அக்கா குடும்பத்தின் தோட்டம். கத்திரி, வெண்டை, கீரை எல்லாம் அங்கிருந்து சந்தைக்குப் போகும். என் அம்மா அங்கே கூலிக்குக் காய் பறித்தாள். தோட்டத்து ஓரத்தில்தான் எங்கள் குடிசை. தன்னை 'அம்மா' என்று கூப்பிட்ட என்னை 'அக்கா' என்று கூப்பிட வைத்தவர் கன்னியம்மா அக்கா.

தோட்டம் விலை பேசி முடிந்ததும் குடிசையைப் பிரிக்கச் சொன்னார்கள். கணவரை இழந்திருந்த அக்கா, தன் பங்கில் சாலையோரத் துண்டை மட்டும் விற்க மறுத்தார். அதை என் அம்மா பெயருக்கு எழுதப்போவதாகச் சொன்னபோது அவருடைய கொழுந்தனார் வாசலில் நின்று கத்தினார்.

"காலனி ஆளுங்களுக்கு ரோட்டு மேல மனையா? உனுக்கு இன்னா பைத்தியமா?"

அக்கா குரலை உயர்த்தவில்லை. "இத்தினி வருசமா அவ குனிஞ்சி வேலை செஞ்ச மண்ணு. எம் பங்கு, நான் குடுக்கறேன்."

பத்திரம் பதிவான அன்றோடு சொந்தங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மகள் தேவியின் கல்யாணத்துக்குச் சித்தப்பா வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. சம்பந்தி கேட்டபோது, "அவருக்கு உடம்பு சரியில்ல" என்று சிரித்தபடி சமாளித்தார் அக்கா. பிறகு மண்டபத்துச் சமையற்கட்டில் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மனசு வலிக்குதுடி. ஆனா நான் செஞ்சது தப்பில்ல."

சாவுக்கு அந்தக் கொழுந்தனார் வந்தார். தெருமுனை வரைதான். உள்ளேயும் வரவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. பாடை அவரைத் தாண்டிப் போனபோது துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். இதை அக்கா உயிரோடு இருக்கையில் பார்த்திருக்கக் கூடாதா என்று இன்னும் என் மனசு ஆறவில்லை.

அந்த மனையில் நாங்கள் கட்டிய வீட்டின் மாடி இப்போது காலியாக இருக்கிறது. கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது அக்கா சொன்னார்: "குடி வர்றவங்கள, நீங்க இன்னா ஆளுங்கன்னு மட்டும் கேக்காத."

நேற்று ஓர் இளம் தம்பதி வந்தார்கள். வீடு பிடித்திருந்தது. ஆனாலும் கிளம்பாமல் தயங்கி நின்றார்கள், நான் எதையோ கேட்கப்போகிறேன் என்பதுபோல. அந்தத் தயக்கம் எனக்குத் தெரியும்.

"எப்ப பால் காய்ச்ச வர்றீங்க?" என்றேன்.

அந்தப் பெண் சட்டென்று கணவனைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான்: கேட்காமல் விடுகிற அந்த ஒரு கேள்வி.