மெற்றில்டா அக்காவும் அலைப்பலகையும்

மீன் கொண்டுவரும் சந்தியோகு அண்ணை அன்று எங்கள் படலையில் ஹோர்ன் அடிக்கவில்லை. சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு நேரே மரக்காலைக்குள் நடந்து வந்தார். நான் சீவுளியைக் கீழே வைத்தேன்.

"தம்பி, மெற்றில்டா மோசம் போயிட்டா. மூளை மலேரியாவாம். முந்தநாள் அடக்கம் பண்ணியாச்சு."

எனக்கு ஏன் ஒருவரும் சொல்லியனுப்பவில்லை என்று கேட்டேன். "ஆர் வாறது? றோட்டெல்லாம் வெள்ளம். நானே இண்டைக்குத்தான் வெளிக்கிட்டனான்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் மரக்குற்றியில் இருந்துவிட்டு, மீன் விற்காமலே போனார்.

நாயாற்றுக் கரையிலும் சிலாவத்தைக் கரையிலும் மெற்றில்டா அக்காவோடு பழகியவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. பிழையாக எதையேனும் எழுதினால் நீங்கள்தான் திருத்த வேண்டும். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் மட்டும் அவரைக் கண்ட தர்மபுரத்துச் சனத்துக்கு அவர் 'பலகை அக்கா'. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பலருக்குத் தெரியாது. அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

என் அப்பா தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர். மலையில் வேர்விட்ட எங்கள் குடும்பத்தில் அதுவரை எவரும் கடலில் கால் நனைத்ததில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வள்ளங்கள் திருத்துவதற்கான பலகைகளை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு முதல் தடவையாகக் கரைக்குப் போனேன். பலகை கேட்டிருந்தவர் யூட் அண்ணை, மெற்றில்டா அக்காவின் தமையன். வாடைக்காற்றுக் காலம். கடல் குழம்பிக் கிடந்ததால் தொழில் இல்லை. வள்ளங்கள் எல்லாம் மணலில் கவிழ்ந்து கிடந்தன. பலகைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, உடையும் அலையின் முன்னால் ஒரு பெண் பலகையொன்றின் மேல் நின்றுகொண்டு வருவதைக் கண்டேன். நீந்தவில்லை, நின்றார். தமையனின் பழைய காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போட்டிருந்தார். அலை இடப்பக்கம் உடைந்துகொண்டு வர, அவர் வலப்பக்கம் சரிந்து, உடையாத தண்ணீரில் ஒரு வளைவு வளைந்து, கரைக்குப் பக்கத்தில் இறங்கி நடந்து வந்தார்.

வந்ததும் என்னைப் பார்க்கவில்லை, நான் கொண்டுவந்த பலகைகளைத்தான் பார்த்தார். ஒவ்வொன்றின் நுனியையும் தூக்கித் தூக்கி வைத்தார்.

"எல்லாம் பாரம். மலைவேம்பு இல்லையோ?"

"வள்ளத்துக்கெண்டுதான் கேட்டவை. நீங்கள் எப்பிடியக்கா விழாமல் நிக்கிறியள்?"

"விழுறனான் தம்பி. நீர் பாக்கேக்கை விழேல்லை, அவ்வளவுதான்."

அப்படித்தான் பழக்கம் தொடங்கியது. அடுத்த தடவை இரண்டு மலைவேம்புப் பலகைகள் கொண்டு போனேன். தெப்பம் கட்டுகிற மரம் அது, தண்ணீரில் நன்றாக மிதக்கும். நாங்கள் மூவரும் அந்த வாடைக்காலம் முழுவதும் பலகையைப் பற்றியே கதைத்தோம். யூட் அண்ணைக்கு நீளப் பலகை வேண்டும். நீளமென்றால் சின்ன அலையையும் பிடிக்கும், ஆட்டமில்லாமல் கரை வரைக்கும் வரும். மெற்றில்டா அக்காவுக்கு அது பிடிக்காது.

"நேரா வாறதுக்குப் பலகை என்னத்துக்கு? ஒரு தேங்காயை எறிஞ்சாலும் கடல் நேராத்தான் கொண்டுவந்து போடும்" என்பார்.

அவருக்கு வேண்டியது கட்டையான பலகை. ஒரு பக்கத்து விளிம்பில் பாரத்தைப் போட்டால் அந்த விளிம்பு தண்ணீரைப் பிடித்து வளைய வேண்டும். அதை அவர்கள் 'வெட்டு' என்றார்கள். 'இண்டைக்கு நாலு வெட்டு வெட்டினன்' என்று அவர் சொன்னால் அன்று கடல் நல்லது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். மலைவேம்பு சில கிழமைகளில் தண்ணீர் குடித்துப் பாரமாகிவிட்டது. மீன்பெட்டியின் றெஜிபோம் நுரையை நைலோன் சீலையால் சுற்றி ஒன்று செய்தோம். அது நன்றாக மிதந்தது, மூன்றாம் நாள் நடுவால் முறிந்தது. கடைசியில், பாறையில் மோதி உடைந்த ஒரு ஃபைபர் படகின் பக்கத்தை வாளால் அறுத்து, உள்ளே மெல்லிய சட்டம் வைத்து, அடியில் றெஜிபோமை அடைத்து மூடினோம். பொருத்து வாய்களை வள்ளத்துக்குப் பூசும் தாரால் அடைத்தோம். பார்ப்பதற்கு அசிங்கமான பலகை. ஆனால் அவர் அதில் ஏறிய முதல் நாளிலேயே மற்றவற்றை அடுப்புக்குக் கொடுத்துவிட்டார்.

கால் வழுக்காமல் இருக்கப் பலகையின் மேல் மெழுகு தேய்க்க வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மெழுகுதிரி கிடைப்பது அருமை. அவர் நேரே பங்குத் தந்தையிடம் போய், பீடத்தில் எரிந்து மிஞ்சும் கட்டைகளைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை முதற்பூசைக்கு ஒழுங்காக வந்தால் தருவதாகப் பாதர் சொன்னார்.

"ஞாயிற்றுக்கிழமை காலமைதான் பாதர் அலை திறமா இருக்கிறது."

பாதர் சிரித்துவிட்டுக் கொடுத்தாராம். அதன்பிறகு அக்கா முதற்பூசைக்குப் போனதையும் சொல்லவேண்டும், ஈரத் தலையோடு கடைசி வாங்கில் இருப்பார்.

கரையில் எல்லோரும் பாதரைப் போல இல்லை. வலைச் சொந்தக்காரர் ஒருவர், பெண்பிள்ளை கடலில் ஏறி நின்றால் மீன் படாது என்று சொல்லித் திரிந்தார். யூட் அண்ணைக்குக் கோபம் வந்தது. மெற்றில்டா அக்கா தமையனை இருத்திவிட்டுத் தானே அந்த ஆளின் வாடிக் கொட்டிலுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"ஐயா, வாடைக்கு நீங்கள் வலை போடுறேல்லை. அப்ப கடல் சும்மாதானே கிடக்கு? சோளகம் பிறந்தவுடனை நான் பலகையைக் கவிட்டு அதிலை கருவாடு காயப்போடுவன். பிறகென்ன?"

அவர் வெற்றிலையை மென்றார். அதற்குப் பிறகு அந்தக் கதை நின்றது. மெற்றில்டா அக்காவும் சொன்னபடியே, சோளகக் காற்றுப் பிறந்து தொழில் தொடங்கினால் பலகையில் ஏறமாட்டார்.

வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றில் குழாய்க்கிணறு போடும் வேலைக்கு மாக்கஸ் என்று ஒரு எஞ்சினியர் வந்திருந்தார். பனிமலை உள்ள நாட்டுக்காரர். ஒரு பின்னேரம் மெற்றில்டா அக்கா அலையில் வளைவதைக் கண்டு வாகனத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். தன் பணப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். வெள்ளைச் சரிவொன்றில் அவர் ஒரு ஒடுங்கிய பலகையில் நின்றபடி, முழங்கை பனியில் முட்டுமளவுக்குச் சரிந்திருந்தார். அவருடைய வாகனம் ஓட்டும் றைவர் மொழிபெயர்க்க, நாங்கள் மணலில் குந்தியிருந்து கதைத்தோம். பனிப்பலகையின் இடை ஒடுங்கியிருக்கும், விளிம்பில் இரும்புத் தகடு இருக்கும், கல்லுப் போன்ற சப்பாத்தை அதில் பூட்டி நிற்பார்கள் என்று மணலில் கீறிக் காட்டினார். மெதுச் சப்பாத்துக்காரர் ஒரு கட்சி, கல்லுச் சப்பாத்துக்காரர் ஒரு கட்சியாம்; தான் கல்லுக் கட்சி என்றார்.

"காலைக் கட்டிப்போட்டு விழுந்தால்?" என்று மெற்றில்டா அக்கா கேட்டார்.

"பலகையும் கூட வருமாம்" என்றார் றைவர்.

"அப்ப பலகை துலையாது."

அடுத்த நாளே ஒரு நைலோன் கயிற்றால் பலகையைத் தன் கணுக்காலோடு கட்டிக்கொண்டார். அதுவரை ஒவ்வொரு விழுகைக்கும் பலகையைத் தேடிக் கரைக்கு நீந்திக்கொண்டிருந்தவர்.

மாக்கஸ் இன்னொன்றும் சொன்னார். சரிவில் இறங்கியபின் திரும்பிப் பார்த்தால் பனியில் ஒரேயொரு மெல்லிய கோடு தெரிய வேண்டும். அகலமாகத் தேய்ந்திருந்தால் அது வெட்டில்லை, வழுக்கல். மெற்றில்டா அக்கா அதைக் கேட்டு யோசித்தார்.

"எங்கடை கோட்டைக் கடல் உடனை அழிச்சுப்போடும். ஒருதரும் பாத்துப் புள்ளி போடேலாது. அதுவும் ஒரு வசதிதான்."

இடை ஒடுங்கிய பலகை ஒன்று செய்து பார்க்கலாமா என்று என்னைக் கேட்டார். செய்தேன். கடலில் அது சரிவரவில்லை. நுனி தண்ணீருக்குள் குத்தி அவரைத் தூக்கி எறிந்தது. முழங்கால் வீங்கி ஒரு கிழமை நொண்டினார். ஆனால் பின்பக்கத்து விளிம்பை உருட்டாமல் கூராக விட்டால் வெட்டு இறுகும் என்பதை அந்தப் பலகையில்தான் கண்டுபிடித்தோம். ஃபைபர் பலகையின் வாலையும் அப்படியே சீவிக் கொடுத்தேன். மாக்கஸும் ஒரு தடவை அதில் ஏறிப் பார்த்தார். எழும்பி நிற்க முதலே கடல் அவரைக் கரையில் உருட்டிவிட்டது. வாயெல்லாம் மணலோடு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் கேட்கிறது.

பிறகு சண்டையால் சனம் கரையை விட்டு உள்ளே வரவேண்டி வந்தது. அந்த வருடத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யூட் அண்ணையின் குடும்பத்துக்கு எங்கள் வளவின் ஒரு மூலையில் கொட்டில் போட்டுக் கொடுத்தோம். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்த சாமான்களுக்கு நடுவில் அந்த ஃபைபர் பலகையும் இருந்தது. மா இடிக்கிற உரலை விட்டுவிட்டு இதைக் கொண்டுவந்தாளே என்று சொந்தக்காரர்கள் ஏசினார்கள். "உரல் எங்கையும் இரவல் வாங்கலாம்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்துதான் அவர் பலகை அக்கா. கடல் இல்லாத ஊரில் பலகையைக் கூரைச் சலாகையில் செருகி வைத்துவிட்டு, தோட்டங்களில் வெங்காயம் கிண்டப் போனார். கடலைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை.

அந்த மாரியில் எங்கள் பக்கத்துக் குளம் நிரம்பி வான் பாய்ந்தது. வீதிக்குக் குறுக்கே தண்ணீர் இடுப்பளவு ஓடியது. நான் சைக்கிளில் பலகைகளைக் கட்டிக்கொண்டு உருட்டி வந்தேன். தினமும் கடக்கிற இடம்தானே என்று இறங்கினேன். நடுவில் மதகோரம் கால் வைத்த இடத்தில் மண் இல்லை. தண்ணீர் என்னையும் சைக்கிளையும் இழுத்துக்கொண்டு போய், கீழே நின்ற ஒரு மருதமரத்தில் மாட்டியது. ஒரு கையால் கொப்பையும் மறு கையால் சைக்கிளையும் பிடித்தபடி நின்றேன். இரண்டு கரையிலும் சனம் கூடிவிட்டது. உழவு இயந்திரக்காரர் ஒருவர் இறங்கிப் பார்த்துவிட்டுப் பின்னுக்கு எடுத்தார். தண்ணீர் நெஞ்சுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மெற்றில்டா அக்கா பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். எனக்கு நேரே இறங்கவில்லை. நீரோட்டத்துக்கு மேலே நடந்து போய், மாடு கட்டும் நீளக் கயிற்றின் ஒரு தலைப்பைத் தன் இடுப்பில் முடிந்து, மறு தலைப்பைக் கரையில் நின்ற ஒரு பாலைமரத்தில் சுற்றி யூட் அண்ணையின் கையில் கொடுத்தார். பிறகு பலகையில் முழங்காலில் நின்று, ஒரு பக்க விளிம்பைத் தண்ணீருக்குள் சரித்தார். அவரைக் கீழே தள்ளவேண்டிய தண்ணீர் குறுக்கே தள்ளியது. சரித்துச் சரித்து, கயிறு இளக இளக, என்னை நோக்கி வந்தார். பலகையின் விளிம்பை எத்தனையோ நாள் சீவியிருக்கிறேன். அது என்ன செய்யும் என்பதை அந்த மரத்தில் தொங்கிக்கொண்டுதான் பார்த்தேன்.

"சைக்கிளை விடும்."

விட்டேன். என்னைப் பலகையில் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலால் என் முதுகை அமத்திக்கொண்டார்.

"அக்கா, பயமாயிருக்கு."

"நானும் பயந்துதான் இருக்கிறன். ஆடாமல் கிடவும்."

ஆடாமல் கிடந்தேன். கயிறு இறுகியது. பலகை வளைந்து வளைந்து யூட் அண்ணை நின்ற கரைப்பக்கம் ஒதுங்கியது. ஆட்கள் இறங்கி எங்களைத் தூக்கினார்கள். அவர் சேற்றில் குந்தி, வயிற்றிலிருந்ததையெல்லாம் சத்தி எடுத்தார்.

ஊரில் அவரைக் கூப்பிட்டுப் பாடசாலையில் மாலை போடவேண்டும் என்று சிலர் கேட்டார்கள். அவர் போகவில்லை. என்னிடம் சொன்னது இதுதான்: "காப்பாத்த வேணுமெண்டு யோசிச்சுப் போகேல்லை தம்பி. கொஞ்சத்தூரம் போய்ப் பாப்பமெண்டு இறங்கினனான். பாதியிலை திரும்ப ஏலாமல் போச்சு." அந்த மாரி முழுவதும் அவர் குளத்துப் பக்கம் போகவில்லை, பலகையையும் தொடவில்லை. நான் இன்றுவரை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்குவதில்லை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் பகிடி பண்ணியதில்லை.

கரைக்குத் திரும்பக்கூடிய காலம் வந்தபோது அவர்கள் நாயாற்றுப் பக்கம் போய் வாடி போட்டார்கள். அடிபட்ட முழங்கால் அவருக்குக் கரைச்சல் கொடுக்கத் தொடங்கியிருந்தது. போன வருடம் நான் போயிருந்தபோது, கொஞ்சம் நீளமான பலகையாக ஒன்று வேண்டுமென்றார். யூட் அண்ணை அதைக் கேட்டுச் சிரித்தார். "சிரியுங்கோ அண்ணை. இப்ப எனக்கு வெட்டுறது லேசு, எழும்புறதுதான் கஷ்டம்" என்றார். மலைவேம்பில் செய்து கொடுத்தேன். அதில் அவர் வெட்டியதை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். முன்பைவிட மெதுவான, அகன்ற வளைவு. எனக்கு அது இன்னும் அழகாகப் பட்டது. அதைச் சொன்னேன்; "உமக்குக் கண் பழுது" என்றார்.

வெள்ளம் வடிந்தபின் போய்ச் சேமக்காலையில் அவரைப் புதைத்த இடத்தில் நின்றுவிட்டு வந்தேன். மணல் இன்னும் இறுகவில்லை. காய்ச்சல் தொடங்கி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் கிடைக்கவே நாள் போய்விட்டதாக யூட் அண்ணை சொன்னார். தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பினேன்.

போன கிழமை எங்கள் சின்னவளுக்கும் மலேரியாக் காய்ச்சல். நடுக்கத்தில் கட்டில் ஆடியது. மனைவி மருந்து எடுக்கப் போயிருந்தாள். ஒன்றுமில்லை, சுகமாகிவிடும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்து, "அப்பா, உங்களுக்குப் பயமாயிருக்கோ?" என்று கேட்டாள்.

"ஓம். எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் கொஞ்சம் தள்ளிப் படுத்து எனக்கு இடம் விட்டாள். இப்போது எழும்பி நடக்கிறாள். மெற்றில்டா அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்தப் பதில்தான்.