மேகத்துக்குப் பதில் வேட்டி

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. ஜாக்கெட்டில் ஆரி வேலை முடிந்ததும் போனில் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போடுவேன். அதைப் பார்த்து மணலூர்பேட்டையிலிருந்து ஒரு அம்மா பஸ் ஏறி வந்தார். மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப் புடவையைப் பிரித்து, படத்தில் பார்த்த ஜாக்கெட்டைக் கேட்டார். எடுத்துப் புடவைமேல் வைத்தேன். புடவை நல்ல சிவப்பு. என் ஜாக்கெட் அரக்கு. படத்தில் மட்டும்தான் அது சிவப்பு.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பூவேலையை விரலால் தடவிப் பார்த்தார். "கை வேல நல்லாத்தான் கீது. படந்தான் பொய் சொல்லுது" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

அவர் போனதும் போனைக் கட்டில்மேல் எறிந்தேன். இனி ஸ்டேட்டஸே போடுவதில்லை என்றேன். என் வீட்டுக்காரர் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். அறுப்பு இல்லாத மாதம், வீட்டில் இருந்தார். வேறு போன் வாங்கலாமா என்று கேட்டார். அது எனக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. இதே போனில் எடுத்துக் காட்டுகிறேன் என்று, அந்த ஜாக்கெட்டை அவர் கையில் கொடுத்து நிற்கவைத்தேன்.

டியூப் லைட்டடியில் எடுத்த படத்தில் நீலம் ஓடியது. மாடி வெயிலில் சிவந்தது, ஜரிகை வெளுத்துப்போனது. மாட்டுக் கொட்டகைக்குள் கறுத்தது. மனுஷன் சலிக்காமல், தூக்கிய கையோடு என் பின்னாலேயே வீடெல்லாம் சுற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைக்கு வண்டியில் போனோம். பையில் ஜாக்கெட் இருப்பதைப் பார்த்து, "இத்த இன்னாத்துக்குத் தூக்கினு வர?" என்று சிரித்தார். மலைமேல் வெள்ளிமலை ஊரில் மேகம் கவிந்திருந்தது. டீக்கடை வெளியே அவரை நிற்கவைத்து ஒரு படம் எடுத்து, போனை ஜாக்கெட் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அதே அரக்கு. ஜரிகை இழை இழையாகத் தெரிந்தது. டீ போடுகிற பெண் வெளியே வந்து, விற்பனைக்கா என்று கேட்டாள்.

அங்கேதான் எனக்குப் புரிந்தது. வெளிச்சம் வேண்டும், அது சுள்ளென்று ஒரே பக்கமாக விழக்கூடாது. டீ குடித்தபடி இதை அவரிடம் சொன்னேன். அவர் மேகத்தை அண்ணாந்து பார்த்தார்.

"நம்மூர்ல மேகத்துக்கு எங்க போறது?"

மறுநாள் காலை அவரே பீரோவிலிருந்து தன் வெள்ளை வேட்டியை எடுத்து, மாடிக் கொடிக்கயிறுகளுக்கு நடுவே பந்தல்போல விரித்துக் கிளிப் போட்டார். அதன் அடியில் வெயில் பதமாக இறங்கியது. முதலில் எடுத்த படங்கள் ஆடிப்போயின. முழங்கையை இடுப்போடு ஒட்டி, மூச்சை அடக்கி எடுக்கப் பழகினேன். பிறகு சிவப்புத் துணி ஒன்றில் கொஞ்சம் பூவேலை செய்து, அந்தப் பந்தலில் படம் பிடித்து மணலூர்பேட்டைக்கு அனுப்பினேன். அந்த அம்மா திரும்பவும் வந்தார். துணியைப் புடவைமேல் வைத்துப் பார்த்தார். மகளின் அளவு ஜாக்கெட்டை எடுத்து நீட்டினார்.

கல்யாணத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார். கிளம்பும்போது பார்த்தால் இவருடைய நல்ல வேட்டி மாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதையே உதறிக் கட்டிக்கொண்டு வந்தார். ஓரத்தில் கிளிப் தடம் தெரிகிறதா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். சாப்பாடு முடிந்ததும் மண்டப வாசல் நிழலில் அவரை மட்டும் நிற்கவைத்துப் போனை எடுத்தேன். பிடித்துக்கொள்ள ஜாக்கெட் இல்லாமல், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.