நெல்லை மூடுவது போல் மூடிய கொட்டகை

அன்று கோழிக் கொட்டகைக்குள் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், காலையில்தான் வந்து இறங்கிய ஆயிரம் குஞ்சுகள். பிறகு வந்தவர் பக்கத்து வயல்கார அத்தாச்சி. வேறு யாரும் இல்லை.

ஐப்பசி மழை. திருப்பனந்தாள் பக்கம் மூன்று நாளாய் விடவில்லை. குஞ்சுகளுக்குச் சூடு வேண்டுமென்று, குஞ்சு கொடுத்த கம்பெனியில் நான்கு கேஸ் புரூடர் கொடுத்திருந்தார்கள். கூரையிலிருந்து குடை போலத் தொங்கி, சிவந்து, கீழே அனல் வீசும்.

"கொட்டகையச் சுத்தித் தொங்குற படுதாவுக்கு மேல ஒரு அடி திறந்தே இருக்கணும்க்கா. கேஸ் எரியக் காத்து வேணும். இல்லேன்னா வாசனையே இல்லாத விஷம் உள்ள சேந்துடும்" என்று சூப்பர்வைசர் தம்பி படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

தலையாட்டினேன். ஆனால் எனக்குக் குளிர்க் கவலை. எட்டாவதோடு படிப்பை விட்டவள், தெரிந்ததெல்லாம் நெல். மழையில் நெல்லை ஈ நுழையாமல் மூடுவோம். அப்படியே, அத்தாச்சியின் நெல் மூடும் தார்ப்பாயை இரவல் வாங்கி அந்த ஒரு அடியையும் மூடினேன். வெளியே இரட்டை முடிச்சுப் போட்டு, மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன்.

"கவலப்படலேன்னா ஒனக்குச் சோறு செமிக்காது" என்று சிரித்தபடி என் வீட்டுக்காரர் உமி மூட்டைமேல் சாய்ந்தார்.

நானும் உட்கார்ந்தேன். மழைச் சத்தம் தள்ளித் தள்ளிப் போயிற்று. புரூடர்களின் சிவப்பு, நடவு முடிந்த வயலின் தண்ணீரில் நான்கு சூரியன்கள் ஒன்றாய் இறங்குவது போலிருந்தது. உமித்தரை மெல்ல மிதந்தது. குஞ்சுகளின் கீச்சொலி ஒவ்வொன்றாய் அடங்கியது. ஆற்றில் மல்லாந்து போவது போல, தலை மட்டும் கல்லாய்க் கனத்தது. மழை, தவணை, மகள் கல்யாணம், எதுவும் என்னைத் தொடவில்லை. அவர் வாய் திறந்து கிடந்தார். எழுப்ப வேண்டும் என்று தோன்றியது, தோன்றியதும் போய்விட்டது. வாழ்நாளில் அப்படிக் கவலையற்று நான் இருந்ததே இல்லை.

"ஏய், எந் தார்ப்பாயக் குடுடி! களத்துல நெல்லு நனையுது!"

அத்தாச்சியின் குரல். பதில் சொல்ல நாக்கு எழவில்லை. நனைந்த முடிச்சோடு அத்தாச்சி மல்லுக்கட்டுவது கேட்டது.

"என்னாடி இது, ஓடிப்போற மாட்டக் கட்டுனாப்புல கட்டி வச்சிருக்கே?"

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தவர், 'ஐயோ' என்று கத்தியது கேட்டது. பிறகு அரிவாள். தார்ப்பாய் மேலிருந்து கீழாகக் கிழிய, மழையும் காற்றும் சேர்ந்து உள்ளே விழுந்தன. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, அவரைக் காலைப் பிடித்தும் என்னை முடியைப் பிடித்தும் வெளியே இழுத்துப் போட்டார் அத்தாச்சி.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் அவர் கண் திறந்து, "நீ கவலப்படாமக் கெடந்தே, எனக்குச் செமிக்கலடி" என்றபோதுதான் எனக்கு அழுகை வந்தது. கவலையும் பழையபடி வந்து சேர்ந்தது.

இப்போது எந்த மழையிலும் அந்த ஒரு அடி திறந்திருக்கிறது. மூன்று முறை போய்ப் பார்ப்பதும் அதைத்தான்.

"ஒன்ன இழுத்ததுக்குக் கூலி வேணாம். கிழிஞ்ச தார்ப்பாய்க்குக் குடுத்துடு" என்றார் அத்தாச்சி. நனைந்த நெல்லைப் பற்றிப் பேசவே இல்லை. பாதி கொடுத்தாயிற்று. பாக்கி ஆயிரத்து இருநூறு ரூபாய்.