சமனுக்கு எடுத்து வைத்த சோறு

அக்குறணையில் காமில் சாச்சா மவுத்தாகிவிட்டார் என்று தம்பி தொலைபேசியில் சொன்னபோது, நான் கண்டியில் பஸ்ஸுக்குள் இருந்தேன். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண் என் கையைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு அழுதேன். அவர் என் வாப்பாவின் கடைசித் தம்பி. அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், வாசலைக் கடந்து போகிறவரைக்கூடக் கூப்பிட்டு ஒரு வாய் சாப்பிட வைக்காமல் விடமாட்டார்.

யுத்த காலத்தில் வடக்கே ஓர் இராணுவ முகாமில் அவர் சமையற்காரர். "சண்டையில நீங்க என்னதான் செஞ்சீங்க சாச்சா?" என்று சீண்டுவோம். "வெங்காயம் உரிச்சேன் மகள். அழுறதுக்கு நல்ல சாட்டு" என்பார். திரும்பி வராத சிப்பாய்களை அவர் சாப்பாட்டை வைத்தே நினைவில் வைத்திருந்தார். ஒருவனுக்குப் பருப்பில் மிளகாய் கூட வேண்டும். இன்னொருவன் கருவாடு என்றால் சட்டியையே வழித்து எடுப்பான். அவர்களை ஒருநாளும் பார்க்காத எனக்கும் அவர்கள் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் போல ஆகிவிட்டார்கள்.

வத்தேகமவைச் சேர்ந்த சமன் ஒரு காலையில் அவசரமாகக் கிளம்பும்போது, தன் பங்கை எடுத்து வைக்கும்படியும் வந்து சாப்பிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனான். சாச்சா எடுத்து மூடி வைத்தார். அவன் உடல்தான் வந்தது. அந்தச் சோற்றைக் கொட்ட மனம் வராமல் மறுநாள்வரை வைத்திருந்தாராம்.

ஓய்வுபெற்று ஊருக்கு வந்த பிறகும், சமனின் தாயைப் போய்ப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. "கடைசியா சாப்பிட்டுட்டுத்தானா போனாண்டு அந்தத் தாய் கேட்டா, நான் என்னத்தச் சொல்ற?" என்பார். சாச்சிக்குப் பொறுக்கவில்லை. "பயந்து பயந்தே காலத்தப் போக்கப் போறீங்களா? மகளையும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று விரட்டினார்.

போனோம். அந்த அம்மா சிங்களத்தில் முதலில் கேட்டதே அதைத்தான். ஒரு பொய் சொல்லித் தப்பிவிடுவார் என்று நினைத்தேன். "இல்ல அம்மா. பசியோடதான் போனான். நான் எடுத்து வச்சிருந்தேன்" என்றார். அம்மா எழுந்து குசினிக்குள் போனார். சோறும் கறியும் நிறைந்த பீங்கானோடு திரும்பி வந்து அதைச் சாச்சாவின் கையில் கொடுத்தார்.

"அப்ப அந்தப் பங்க நீங்க சாப்பிடுங்க. என் மகனுக்காகக் காத்திருந்த மனுசன் பசியோட போகக்கூடாது."

சாச்சா அழுதுகொண்டே சாப்பிட்டார். அழுதுகொண்டே இரண்டாம் முறையும் சோறு கேட்டார். அம்மா சிரித்துவிட்டார். அதிலிருந்து வருடாவருடம், சமனுக்குப் புண்ணியம் சேரக் கொடுக்கும் நினைவுத் தானத்தன்று, பிக்குமாருக்குக் கொடுக்கும் பருப்புக் கறி சாச்சாவின் கையால்தான்.

சென்ற வாரம் சமனின் அம்மா என்னை அழைத்தார். இந்த வருடம் யார் சமைப்பது என்று கேட்டார். நான் வருகிறேன் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். என் சமையலின் இலட்சணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சாச்சா எனக்கு விட்டுப்போனது அந்தக் குசினியில் ஓர் இடம். அதை நான் விடப்போவதில்லை.

"வாங்க மகள்" என்றார் அம்மா. "இந்த முறை புண்ணியத்த ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுப்போம்."