மெயினை இறக்கிய பிறகும் ஓடிய மீட்டர்

அன்று அங்கே நின்றவர்கள் மொத்தம் ஆறு பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்காவான என் மைனி, மாடியில் இருக்கும் வீட்டு உரிமையாளர், அவருடைய மனைவி, பிறகு ஓர் எலக்ட்ரீஷியன். இரணியல் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்சுவரில் இரண்டு கரண்ட் மீட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் உண்டு. ஒன்று மாடிக்கு, ஒன்று கீழே இருக்கும் எங்களுக்கு. போன வருடம் மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த உடுப்பைக்கூட மாற்றாமல், ஆறு பேரும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நான் ஏழாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள். அதிலிருந்து முந்திரிப்பருப்புக்குத் தொலி உரிக்கிற வேலைதான். எங்கள் பக்கம் முந்திரிக்கொட்டைக்கு அண்டி என்று பெயர், அதனால் அந்தக் கம்பெனியை ‘அண்டி ஆபீஸ்’ என்பார்கள். பெயர்தான் ஆபீஸ், இருப்பது தரையில். உரித்த பருப்பை நிறுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி தருவார்கள். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஓட்டம் உள்ள நாளில் காசு, இல்லாத நாளில் டீசல் கடன்.

இதோடு பயம் என்பது எனக்குக் கூடப் பிறந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிறுத்தம் வரை போய், காஸை மூடினேனா என்று திரும்பி வருவேன். ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவானால் அன்று சோறு இறங்காது. மீன் வாங்குவது சாயங்காலம் விலை இறங்கின பிறகுதான். ரப்பர் சுள்ளி கிடைக்கிறவரை விறகடுப்பு, காலைச் சாயாவுக்கு மட்டும் காஸ். ஒரு சிலிண்டர் எனக்கு மூன்றரை மாதம் வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற கரண்ட் பில், முந்நூற்று முப்பதுக்கு முன்னே பின்னே நிற்கும். அதைச் சொல்லி அண்டி ஆபீசில் நான் பெருமையடித்ததும் உண்டு.

போன வருடம் ஜனவரியில் மைனி எங்களோடு வந்து இருந்தார். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முட்டிலும் வலி. கூடவே ஒரு டி.வி.யும் ஒரு டேபிள் பேனும் வந்தன. நான் சந்தோஷமாகத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன், பொய் சொல்லவில்லை.

மார்ச் மாதம் பில் வந்தது. இரண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பது ரூபாய்.

போனில் வந்த மெசேஜை மூன்று பேரிடம் காட்டி வாசிக்கச் சொன்னேன். மூன்று பேரும் அதே தொகையைத்தான் வாசித்தார்கள். ஐநூறு யூனிட்டைத் தாண்டினால் மொத்தக் கணக்கே வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: பில் கூடியிருக்கிறது, வீட்டில் ஓர் ஆள் கூடியிருக்கிறது.

வீட்டு உரிமையாளர் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் புலம்பினேன். அவர் வீட்டின் பின்பக்கம் நூற்றைம்பது மூடு மட்டி வாழை வைத்திருக்கிறார். அந்த ஜனவரியில்தான் அதற்கு போர்வெல் போட்டு மோட்டார் இறக்கியிருந்தார்.

“நான் மோட்டாரே போட்டிருக்கேன். எனக்க பில்லு பத்து ரூவா கூடல்ல. சாதனம் வாங்கும்ப நல்ல கம்பெனியா வாங்கணும். உங்க வீட்டு டி.வி. சத்தம் மாடி வரைக்கும் கேக்குதே, அதைப் பாருங்க முதல்ல” என்றார்.

பார்த்தேன். டி.வி. சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் என்றேன். பிரிட்ஜை நிறுத்தி மீனுக்கு உப்புப் போட்டேன். மிக்சியைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தேன். சட்டையை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்து இஸ்திரியை மிச்சம் பிடித்தேன். போனை அண்டி ஆபீசில் சார்ஜ் போட்டேன். ஏப்ரல் புழுக்கத்தில் மைனி பழைய காலண்டர் அட்டையை எடுத்து விசிறிக்கொண்டு வாசல்படியில் இருப்பார். கண்டும் காணாத மாதிரி உள்ளே போய்விடுவேன்.

மே மாத பில் இரண்டாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு.

அன்றைக்கு என் வாய் என்னிடம் நிற்கவில்லை. “மைனி, நான் வேலைக்குப் போன பிறவு பேன் போடுவியளோ?” என்று கேட்டுவிட்டேன். அவர் அந்த வாரமே புதுக்கடை ஊரில் ஓர் ஏஜென்டைப் பிடித்து, திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டில் படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். சொந்த முட்டுக்கே எண்ணெய் போட ஆள் வேண்டியவர், இன்னொரு ஆளைத் தூக்கிக் குளிப்பாட்டப் போகிறார். வீட்டுக்காரர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

சனிக்கிழமை காலையில் மைனி என்னைக் கூப்பிட்டார். “நான் போறதுக்கு முன்ன ஒரு காரியம் செய்யணும். நீ மெயினை இறக்கு. ரெண்டு பேரும் மீட்டருக்கு முன்ன இருப்போம். எனக்க கையில பேனும் இல்ல, டி.வி.யும் இல்ல. அப்பவும் ஓடுதான்னு பாப்போம்.”

மெயின் சுவிட்சை இறக்கினேன். கரண்ட் செலவாகும்போது எங்கள் மீட்டரில் ஒரு சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு மின்னும். வீட்டுக்குள் எல்லாம் நின்றுவிட்டது, ஆனால் அந்த வெளிச்சம் தூசி விழுந்த கண் மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

மீட்டரைக் கெடுத்துவிட்டோம், அபராதம் போடுவார்கள், கேஸ் வரும் என்று பதறிப் புலம்பத் தொடங்கினேன். “உனக்க வெப்ராளத்தை ஒரு நாழிகை மூடி வை” என்று மைனி அதட்டி, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அமர்ந்தார். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம். அப்போது பின்பக்கம் ஓடிக்கொண்டிருந்த வாழைத்தோட்டத்து மோட்டார் நின்றது. அதே நொடியில் மீட்டரின் வெளிச்சமும் நின்றது.

நான் மைனியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் மோட்டார் போட்ட நேரம் மெயினை இறக்கி மறுபடி பார்த்தேன். அதேதான். இரண்டு தடவையும் மீட்டரில் இருந்த எண்ணைக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னதும், இத்தனை நாள் பேசாதவர் பேசினார். “வாயைத் திறக்காத. வீட்டை ஒழிஞ்சு தான்னு சொல்லிட்டாருன்னா இந்த வாடகைக்கு எங்க போவ?” அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அதே பயம்தான். சரி, பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய் வந்தால், மைனியின் பை வாசல் பக்கம் கட்டித் தயாராக இருந்தது. மறுநாள் பயணத்துக்கு அன்றே கட்டிவிட்டார். நான் பையைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

“நீ கேக்க மாட்ட மக்கா. எனக்குத் தெரியும். நான் போயிட்டா அம்புட்டு யூனிட்டையும் எனக்க பேருல எழுதிட்டு நீங்க சமாதானமா இருக்கலாம்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். நான் காலண்டரை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். எத்தனை படி ஏறினேன் என்று இப்போது கேட்டாலும் தெரியாது.

விஷயத்தைச் சொன்னதும் வீட்டு உரிமையாளர் சார் முதலில் சிரித்தார். “மெயினை ஆப் பண்ணினா மீட்டர் எப்படிம்மா ஓடும்? ஏழாம் கிளாஸ்லயே படிச்சிருப்பியளே.”

“நான் ஏழு முழுசாப் படிக்கல்ல சார். நீங்க கீழ வந்து பாருங்க.”

என்னைப் பொய்யாக்கவே மோட்டாருக்கு வயர் இழுத்த எலக்ட்ரீஷியனை போன் செய்து வரவழைத்தார். பக்கத்துத் தெருக்காரர், பைக்கில் வந்துவிட்டார். இப்படித்தான் ஆறு பேரும் சுவருக்கு முன்னால் சேர்ந்தோம். மோட்டார் சுவிட்ச் மாடிப்படி ஓரத்தில் இருக்கிறது. சாரின் மனைவி அதன் பக்கத்தில் நின்றார்.

எங்கள் மெயினை நானே இறக்கினேன். என் குரல் நடுங்கியது. “அக்கா, போடுங்க.” மோட்டார் ஓடியது, எங்கள் மீட்டர் மின்னத் தொடங்கியது. “நிறுத்துங்க.” நின்றது. “போடுங்க.” மின்னியது. மூன்றாம் தடவை சொன்னபோது என் குரலில் நடுக்கம் இல்லை. சார் நம்பாமல் தானே போய் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். மீட்டருக்கு ஆள் வித்தியாசம் தெரியவில்லை.

பேச வேண்டாம் என்று சொன்ன என் வீட்டுக்காரர் அப்போது மெதுவாகச் சொன்னார். “நல்ல கம்பெனி மோட்டாராக்கும் சார். கரண்டே தின்னாது.”

சாரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். மோட்டார் வயரை எங்கள் மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே, எங்கள் மீட்டரை ஒட்டி எடுத்திருக்கிறார். அதனால்தான் மெயினை இறக்கினாலும் ஓடியது. “ரெண்டு மீட்டரும் ஒட்டி இருக்கதுல மாறிப் போச்சு சார். அன்னைக்கு வாழை வாடுது வாடுதுன்னு நீங்கதானே விரட்டினிய” என்றார். அங்கேயே வயரைக் கழற்றி மாடி மீட்டரில் மாட்டினார்.

நான் காலண்டரில் கணக்கைப் போட்டேன். இரண்டு பில்லிலும் எங்களுடைய வழக்கமான முந்நூற்று முப்பதைக் கழித்தால் நாலாயிரத்து ஐந்நூற்று எழுபது. சார் போனில் தட்டிப் பார்த்தார். அதே தொகை வந்தது. இரண்டாம் தடவை தட்டினார். அப்போதும் அதே தொகைதான். சார் கெட்ட மனிதர் இல்லை, தெரியாமல் நடந்தது. முகம் சுருங்கிவிட்டது. மொத்தமாக இப்போது கையில் இல்லை, மாசம் ஐநூறு வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு, ரெண்டு குலை மட்டி தருகிறேன், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

மைனிதான் பதில் சொன்னார். “குலை தாங்க சார், வேண்டாம்னு சொல்லல்ல. அது அஞ்சு மாசம் உங்க வாழைக்கு நாங்க வெள்ளம் கோரினதுக்கு கூலி. ரூவா வேற.”

சாரின் மனைவி அதற்கு மேல் சிரிப்பை அடக்கவில்லை. எல்லோரும் சிரித்தோம். கடைசியில் சாரும் சிரித்தார். வீட்டை ஒழியச் சொல்லவில்லை.

உள்ளே வந்ததும் மைனியிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். டேபிள் பேனை அவர் முன்னால் வைத்து முழு வேகத்தில் போட்டேன். “ஏட்டி, குறைச்சு வை. பில்லு கூடும்” என்றார். நான் அழுதுவிட்டேன். “இனி கண்ணீரை வேற அளந்து எழுதாத” என்று சொல்லிவிட்டு, ஏஜென்டுக்கு போன் செய்து, முட்டு சரியில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்றார். பையை நானே அவிழ்த்தேன்.

ஜூலையில் பில் முந்நூற்று நாற்பத்திரண்டு. டி.வி. ஓடியும், பேன் ஓடியும், பிரிட்ஜ் ஓடியும் அவ்வளவுதான். அன்று என் வாழ்க்கையில் முதல் தடவையாக, காலை விலையிலேயே நெய்மீன் வாங்கினேன். அண்டி ஆபீசில் இந்தக் கதையை எத்தனை தடவை சொன்னேன் என்று கேட்காதீர்கள். அங்கே இப்போது நாலைந்து பேர் வீட்டில் மெயினை இறக்கி மீட்டரைப் பார்த்திருக்கிறார்கள்.

என் பயம் போய்விட்டது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் ஒரு செலவு கூடினால், கூட இருக்கிற மனுஷர் முகத்தில் அதற்குக் காரணம் தேடுகிற பழக்கம் அன்றோடு போயிற்று. மாதம் பிறந்து ஐந்தாம் தேதி வாடகையோடு நானே மாடி ஏறி, கழித்தது போக மீதி எவ்வளவு என்பதைச் சத்தமாகச் சொல்லிவிட்டு வருகிறேன். போன மாதத்தோடு ஏழு தடவை கழித்தாயிற்று. சார் இன்னும் தர வேண்டியது ஆயிரத்து எழுபது ரூபாய்.